பவர் மீட்டர் வாங்கினால் பந்தய வேகம் கூடுமா?

விருத்தாசலத்தில் பந்தயத்துக்கென்று சைக்கிள் மிதிக்கத் தொடங்கிய எவருக்கும் சில மாதங்களில் இந்தக் கேள்வி வந்துவிடும். கூட ஓட்டுகிற யாராவது ஒருவர் கிராங்கில் ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கொண்டு வருவார். ஹேண்டில்பாரில் இருக்கும் திரையில் வேகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எண் ஓடும். 180, 215, 240 என்று மாறிக்கொண்டே இருக்கும் அந்த எண்தான் வாட். நல்ல சைக்கிள் ஒன்றின் விலையில் பெரும்பங்கை அந்தக் கருவிக்கே கொடுக்க வேண்டியிருப்பதால், யோசிக்காமல் வாங்கிவிட முடியாது.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாகக் கடிகாரத்தோடு போட்டி போடும் டைம் ட்ரயலில், கருவி சொல்கிறபடி கேட்டு ஓட்டுபவருக்கு நேரம் குறையும். கூட்டமாக ஓடும் சாலைப் பந்தயத்தில் பயிற்சியின் வழியாக மட்டுமே பலன் கிடைக்கும்; பந்தய நாளில் அந்த எண்ணால் பெரிய உதவி இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் சாதாரண சைக்கிள் பந்தயத்துக்கு அது வேண்டவே வேண்டாம். ஆனால் நம் ஊர்ச் சமவெளியில் அடிக்கும் காற்றும் வெயிலும் மற்ற அளவுகோல்களைக் குழப்பிவிடுவதால், மலைநாட்டில் ஓட்டுபவரைவிட நமக்கு இந்தக் கருவி அதிகமாகவே உதவும் என்பது என் கருத்து. அது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

கருவி எதை அளக்கிறது

பெடலை மிதிக்கும்போது கிராங்க் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. அந்த வளைவை ஸ்ட்ரெயின் கேஜ் என்ற மெல்லிய உணரிகள் மின்குறியாக மாற்றுகின்றன. எவ்வளவு திருகுவிசை, எவ்வளவு சுழற்சி வேகம் என்ற இரண்டையும் பெருக்கினால் வாட் வருகிறது. ஜெர்மன் பொறியாளர் உலி ஷோபரர் 1986-ல் தொடங்கிய எஸ்.ஆர்.எம். நிறுவனம்தான் இதைச் சாலைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் இதைத் தொடக்கத்திலேயே பயன்படுத்திய பெரிய வீரர்களில் ஒருவர். அதுவரை ஆய்வுக்கூடத்தில் நிலைசைக்கிளில் உட்கார்ந்தால்தான் வாட்டைப் பார்க்க முடியும். இன்று கிராங்க், பெடல், பின்சக்கர ஹப் என்று எதில் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். நல்ல கருவிகளின் பிழை ஒன்று அல்லது இரண்டு சதவீதத்துக்குள் இருக்கும்.

விலை குறைந்த வகைகள் இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கிக் காட்டும். உங்கள் இடது கால் 48 சதவீதமும் வலது கால் 52 சதவீதமும் உழைத்தால், உண்மையான 240 வாட் திரையில் 230 என்றுதான் தெரியும். தனியொருவரின் பயிற்சிக்கு இது பெரிய குறையில்லை. இன்றைய 230-ஐ அடுத்த மாத 230-உடன் ஒப்பிட்டுக்கொள்ளலாம். நண்பரின் எண்ணோடு மட்டும் ஒப்பிட வேண்டாம்.

வேகமும் துடிப்பும் இங்கே ஏன் ஏமாற்றுகின்றன

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, கைகள் கீழ்ப்பிடியில், சாதாரண ரேஸ் டயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாத விடியற்காலையில் சமவெளிச் சாலையில் மணிக்கு 36 கி.மீ. போக ஏறக்குறைய 223 வாட் வேண்டும். அதில் 184 வாட் காற்றைக் கிழிக்கவே போய்விடுகிறது. மீதி டயர் உருள்வதற்கு. இப்போது மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் எதிர்காற்று அடிக்கிறது. அதே 223 வாட்டில் வேகம் 30-க்கு இறங்கிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளினால் 42-ஐத் தாண்டும். உழைப்பு ஒன்றுதான். ஸ்பீடோமீட்டரில் தெரிவதோ 12 கி.மீ. வித்தியாசம்.

ஆடிக் காற்றில் வேப்பூர்ப் பக்கம் மேற்கு நோக்கி மிதித்துப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. போகும்போது 'இன்று கால் சரியில்லை' என்று மனம் சோர்ந்து, வரும்போது 'நான்தான் சாம்பியன்' என்று துள்ளும். இரண்டுமே தவறான முடிவு. வேகத்தை வைத்துப் பயிற்சி செய்பவர் எதிர்காற்றில் அளவுக்கு மீறி மிதிப்பார், பின்காற்றில் ஓய்வெடுத்துவிடுவார்.

சரி, மார்பில் பட்டை கட்டி இதயத்துடிப்பைப் பார்க்கலாமே என்றால், அங்கே வெயில் குறுக்கே வருகிறது. உடம்பு சூடேறும்போது குளிர்விப்பதற்காக ரத்தம் தோலுக்குத் திருப்பப்படுகிறது. வியர்வையில் நீர் போய் ரத்தத்தின் அளவும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் ரத்தம் குறைவதால், அதே வேலைக்கு அது கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. காலை ஐந்தரைக்கு 150 துடிப்பில் செய்த வேலையை சித்திரை மாதத்துப் பத்து மணி வெயிலில் செய்தால் பத்து, பதினைந்து துடிப்பு கூடிவிடும். போதாக்குறைக்குத் துடிப்பு மெதுவாகத்தான் ஏறும். ஒரு நிமிட வேக மிதியில் இதயம் விழித்துக்கொள்வதற்குள் அந்த நிமிடமே முடிந்துவிடும்.

காற்றடித்தாலும் வெயிலடித்தாலும் 223 வாட் என்பது 223 வாட்தான். இதை ஒரு எச்சரிக்கையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வெயிலில் நீங்கள் தாங்கக்கூடிய வாட்டே குறைந்துவிடும். விடியற்காலை அளவை நண்பகலில் பிடித்தே தீருவேன் என்று அடம்பிடிப்பது ஆபத்து. அப்போது வாட்டை விட்டுவிட்டுத் துடிப்பையும் உடம்பையும் கேளுங்கள். தலைசுற்றலோ குளிர்நடுக்கமோ வந்தால் இறங்கி நிழலில் உட்கார்ந்துவிட வேண்டும்.

ஆய்வு சொல்வது

பவர் மீட்டர் விற்பவர்கள் விரும்பிச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. கேப்டவுனைச் சேர்ந்த ஜெரோன் ஸ்வார்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நன்கு பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களில் ஒரு பிரிவினர் வாட்டைப் பார்த்தும், இன்னொரு பிரிவினர் துடிப்பைப் பார்த்தும் நான்கு வாரம் ஒரே மாதிரியான கடும் இடைவெளிப் பயிற்சி செய்தார்கள். இரு பிரிவினருமே முன்னேறினார்கள். அவர்களுக்கிடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 2011-ல் பொழுதுபோக்கு ஓட்டுநர்களிடம் நடந்த வேறொரு ஆய்விலும் இதே கதைதான்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? வேகத்தைக் கூட்டியது அந்தக் கடும் பயிற்சி. எதைப் பார்த்துக்கொண்டு செய்தார்கள் என்பது அடுத்த விஷயம். கருவி இல்லை என்பதற்காகப் பயிற்சியைத் தள்ளிப்போடுபவருக்கு இந்த ஆய்வு நல்ல பதில். ஆனால் அது சில வாரப் பரிசோதனை. பயிற்சித் திட்டத்தை வகுத்துக் கொடுத்தவர்கள் ஆய்வாளர்கள். திட்டம் போட்டுத்தர யாரும் இல்லாமல், ஆறு மாதம் தனியாக, ஆடிக் காற்றில் பயிற்சி செய்யும் நம் ஊர்க்காரரின் நிலை வேறு. அவருக்குக் கருவியால் கிடைப்பதாக நான் காணும் பெரிய பலன், 'எளிய நாள்' உண்மையிலேயே எளிதாக இருக்கிறதா என்று காட்டிக்கொடுப்பதுதான். பெரும்பாலானோர் எளிய நாளில் கூடுதலாகவும், அதனால் களைத்துப்போய்க் கடுமையான நாளில் குறைவாகவும் மிதிக்கிறார்கள்.

சுமையைக் கணக்கிடுவது

முதலில் உங்கள் வரம்பு தெரிய வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அதிகபட்சச் சராசரி வாட்டை எஃப்.டி.பி. என்பார்கள். ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து மிதிப்பது கஷ்டம் என்பதால், 20 நிமிடச் சோதனை செய்து கிடைத்த சராசரியை 0.95-ஆல் பெருக்குவது வழக்கம். 20 நிமிடச் சராசரி 242 வாட் என்றால் வரம்பு 230.

இதற்கு நிறுத்தமில்லாத சாலை வேண்டும். சேத்தியாத்தோப்பு தாண்டி வீராணம் ஏரிக்கரையில் போகும் சாலை நீண்டது, சமமானது. ஆனால் குறுகலான அந்தக் கரையில் பேருந்து வந்தால் ஒதுங்க இடமிருக்காது. விடிந்தும் விடியாத நேரத்தில் மட்டும் போங்கள். நெய்வேலி நகரியத்தின் அகலமான சாலைகள் நான்கு நிமிட, எட்டு நிமிட இடைவெளிப் பயிற்சிகளுக்கு நல்லவை. வேகத்தடைகளை முன்னதாகவே ஒரு சுற்று வந்து பார்த்துவையுங்கள். உளுந்தூர்பேட்டைச் சாலையிலும் மந்தாரக்குப்பம் சாலையிலும் லாரிப் போக்குவரத்து உண்டு. பெண்ணாடம் பக்கம் கரும்புப் பருவத்தில் டிராக்டர்கள் பாரத்தோடு வரும். திரையைக் குனிந்து பார்க்கும் ஒரு நொடி அங்கே மிகப் பெரிய நொடி. அப்படிப்பட்ட சாலையில் ஒரு பட்டனை அழுத்திவிட்டு மிதியுங்கள். வீட்டுக்கு வந்து பதிவைப் பார்த்துக்கொள்ளலாம்.

வரம்பு தெரிந்த பிறகு அன்றன்றைய சுமையை எண்ணாக்கலாம். ஹன்டர் ஆலனும் ஆண்ட்ரூ கோகனும் பரப்பிய முறை இது: வரம்பில் எத்தனை பங்கு மிதித்தீர்களோ அதை அதாலேயே பெருக்கி, மணி நேரத்தாலும் நூறாலும் பெருக்க வேண்டும். வரம்பிலேயே ஒரு மணி நேரம் என்றால் 100. 65 சதவீதத்தில் மூன்று மணி நேரம் என்றால் 127. 90 சதவீதத்தில் ஒரு மணி நேரம் 81.

நம் ஊர்ச் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை செய்பவருக்கு இதைப் புரியவைப்பது எளிது. சூளையில் செருகிய தெர்மோகப்பிள் அந்தக் கணத்து வெப்பநிலையைக் காட்டும். ஜெர்மானியர் ஹெர்மன் சீகர் 1886-ல் வடிவமைத்த கோன் என்ற சிறு கூம்பு அதைக் காட்டாது; எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் வெந்தது என்ற இரண்டும் சேர்ந்து எப்போது போதுமான அளவை எட்டுகிறதோ அப்போது சாயும். மெதுவாகச் சூடேற்றினால் சற்றுக் குறைந்த வெப்பநிலையிலேயே சாய்ந்துவிடும். திரையில் ஓடும் வாட் தெர்மோகப்பிள் என்றால், வாரம் முழுக்க உடம்பில் சேர்ந்த சுமைதான் கோன். இன்சுலேட்டரை வேகவைக்கிறவர் தெர்மோகப்பிளை மட்டும் பார்த்துக்கொண்டு சூளையை அணைக்க மாட்டார்.

ஆனால் இந்த எண்ணில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இரவு ஷிப்டில் எட்டு மணி நேரம் சூளையருகே நின்று வியர்த்தவரின் களைப்பை எந்தப் பவர் மீட்டரும் கூட்டிச் சேர்க்காது. அவருக்கு 60 என்று காட்டும் பயிற்சி, நன்றாகத் தூங்கி எழுந்த கல்லூரி மாணவருக்கு 60 ஆகும் பயிற்சி அல்ல. நகரங்களில் எழுதப்பட்ட பயிற்சி அட்டவணைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். இரவு ஷிப்ட் வாரத்தில் கடுமையான பயிற்சி ஒன்று போதும். அது 4 நிமிடம் வரம்புக்குச் சற்று மேலே, ஒன்றரை நிமிடம் மெதுவாக, இப்படி ஆறு தடவை என்ற அளவில் இருக்கட்டும். மற்ற நாட்கள் வரம்பில் 55 முதல் 75 சதவீதத்துக்குள். பகல் ஷிப்ட் வாரத்தில் இரண்டாவதாக, 90 சதவீதத்தில் 20 நிமிடம் இரண்டு தடவை செய்யலாம்.

கருவி வாங்கிய முதல் ஆறு வாரம் எதையும் மாற்றாமல் எப்போதும்போல ஓட்டிப் பதிவுசெய்யுங்கள். உங்கள் பழக்கம் என்னவென்று முதலில் தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் திருத்தம்.

ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் கருவியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். உலோகம் வெப்பத்தில் விரியும். மின்விசிறிக்குக் கீழே இருந்த சைக்கிளை வெயிலில் இறக்கினால் கணக்கு நகரும். வாசலில் பத்து நிமிடம் நிறுத்திவைத்து, கிராங்கைக் கருவியின் கையேடு சொல்லும் நிலையில் வைத்து, பெடலில் காலோ கையோ படாமல் சரிசெய்யுங்கள். நீண்ட ஓட்டத்தில் வெயில் ஏறிய பிறகு டீக்கடையில் நிற்கும்போது இன்னொரு முறை செய்துவிடுங்கள்.

டைம் ட்ரயல் நாளில்

கருவியின் முழு மதிப்பும் இங்கேதான். நம் சாலைக்கு மிக நெருக்கமான உலகப் பந்தயம் என்று 2016-ல் தோஹாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பைச் சொல்வேன். சமவெளி, வெயில், 40 கி.மீ. நவீன் ஜானும் அரவிந்த் பன்வாரும் அந்த டைம் ட்ரயலில் இந்தியாவுக்காக ஓடினார்கள். வென்ற ஜெர்மானியர் டோனி மார்ட்டின் 45 நிமிடத்துக்குள் முடித்தார். சராசரி மணிக்கு 53 கி.மீ.க்கு மேல். அப்படிப்பட்ட ஓட்டத்தில் மறைந்து ஓட ஒரு முதுகும் இல்லை, இறங்கி இளைப்பாற ஒரு சரிவும் இல்லை. சக்தியை எப்படிப் பங்கிடுகிறோம் என்பதே பந்தயம்.

நம் 230 வாட் வரம்புக்காரரையே எடுத்துக்கொள்வோம். 20 கி.மீ. போய்த் திரும்பும் பந்தயம், போகும்போது மணிக்கு 10 கி.மீ. எதிர்காற்று. முன்பு போட்ட கணக்குப்படி போக 40 நிமிடம், வர 28 நிமிடம். புறப்படும் பரபரப்பில் முதல் ஐந்து நிமிடம் 270 வாட் மிதித்தாலும் கால் ஒன்றும் சொல்லாது. இருபதாவது நிமிடத்தில்தான் கேட்கும், அதுவும் வட்டியோடு. கருவி இருந்தால் அந்த ஐந்து நிமிடத்தில் உங்களைப் பிடித்து நிறுத்தும். முதல் மூன்று நிமிடம் 220-ஐத் தாண்டவே கூடாது என்று எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு எதிர்காற்றுப் பாதியில் 230, பின்காற்றுப் பாதியில் 212 என்று லேசாகச் சாய்த்துப் பங்கிடலாம். அதிக நேரம் செலவாவது எதிர்காற்றில்தான். அங்கே கூட்டும் ஒவ்வொரு வாட்டும் அதிக நேரத்தை மிச்சமாக்கும். மிகவும் கூட்டிவிடாதீர்கள். வேறுபாடு பத்து சதவீதத்தைத் தாண்டினால் திரும்பி வரும்போது கால் இருக்காது. கடைசி மூன்று கிலோமீட்டரில் எண்ணை விட்டுவிட்டு இருப்பதையெல்லாம் கொடுத்துவிடலாம்.

வாட்டைக் கூட்டாமலே வேகத்தைக் கூட்டும் வழியும் கருவியால் தெரியவரும். 36 கி.மீ. வேகத்திலிருந்து 40-க்குப் போக 223 வாட் போதாது, ஏறக்குறைய 296 வேண்டும். வேகம் ஒன்பதில் ஒரு பங்கு கூட, உழைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அதே நேரம் முழங்கையை மடித்து, தலையைத் தாழ்த்தி, சட்டை படபடக்காமல் ஓட்டிக் காற்றுக்குக் காட்டும் பரப்பை எட்டில் ஒரு பங்கு குறைத்தால் 36 கி.மீ.யில் 23 வாட் மிச்சம். காற்றில்லாத காலையில் ஒரே சாலையில் இரண்டு பக்கமும் ஓட்டி, ஒரே வாட்டில் எந்த உட்காரும் நிலையில் வேகம் கூடுகிறது என்று பாருங்கள். 2022 ஆகஸ்டில் ஒரு மணி நேரச் சாதனையை 55.548 கி.மீ.க்கு உயர்த்திய டான் பிகம், காற்றியக்கத்தையே தொழிலாகக் கொண்ட பொறியாளர்.

கூட்டப் பந்தயம் வேறு உலகம். முன்னே ஒருவர் இருந்தால் காற்றுத் தடையில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். யார் பின்னால் ஒட்டுவது, எப்போது பாய்வது என்பதே வெற்றி தோல்வி. எதிராளி பாய்ந்து ஓடும்போது உங்கள் திரை 400 என்று காட்டினால் என்ன செய்வீர்கள்? போகத்தான் வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் மாவட்டங்களில் நடத்தும் அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டிதான் நம் பகுதிப் பிள்ளைகளில் பலருக்கு முதல் பந்தயம். 13 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு 15 கி.மீ., மாணவிகளுக்கு 10. 15, 17 வயதுப் பிரிவுகளில் மாணவர்களுக்கு 20, மாணவிகளுக்கு 15. இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி வைத்த சைக்கிளில்தான் ஓட வேண்டும். கியர் சைக்கிளுக்கு அனுமதியில்லை. அரசு தரும் விலையில்லா சைக்கிளே போதும் என்பதால் இந்தப் பந்தயத்தின்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

இதற்குத் தயாராகும் பிள்ளைக்கு மீட்டர் வாங்கித்தர நினைக்கும் பெற்றோர் அந்தக் காசில் நல்ல டயர், டியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஹப்பையும் பிரேக்கையும் கடையில் சரிபார்த்துக் கொடுங்கள்; ஹெல்மெட் வாங்குங்கள். சீட்டைப் பிள்ளையின் உயரத்துக்கு ஏற்றிவையுங்கள். நம் ஊரில் பாதிப் பிள்ளைகள் முழங்கால் மார்பில் இடிக்க மிதிக்கிறார்கள். பயிற்சிக்குக் கைக்கடிகாரம் போதும். 3 கி.மீ. சுற்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஐந்து சுற்றின் நேரத்தையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சுற்று முடிந்ததும் 'பத்துக்கு எத்தனை கஷ்டம்?' என்று கேட்டு அதையும் பக்கத்தில் எழுதுங்கள். முதல் சுற்று வேகமாகவும் கடைசிச் சுற்று மெதுவாகவும் இருந்தால் பங்கீடு தவறு. ஐந்தும் ஒரே நேரத்தில் வரும்வரை திருத்துங்கள்.

வாங்குவதென்றால்

வாரம் ஐந்து மணி நேரமாவது விடாமல் மிதித்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். டைம் ட்ரயலிலோ நீண்ட தனி ஓட்டத்திலோ கலந்துகொள்பவராக இருக்க வேண்டும். உட்காரும் நிலையைச் சரிசெய்து, நல்ல டயர் போட்டு முடித்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் துடிப்புப் பட்டையே போதும்.

ஒரு பக்கக் கிராங்க் வகை நம் தேவைக்குப் போதுமானது. கிராங்க் நீளம் (மி.மீ.) 165-ஆ, 170-ஆ, 172.5-ஆ என்று இருப்பதைக் கழற்றிப் பின்புறம் பார்த்து உறுதிசெய்யுங்கள். வலது பக்கத்துக்கும் அதே நீளம் வேண்டும். பழைய சைக்கிளின் சட்டத்துக்கும் கிராங்குக்கும் இடையே உணரி இடிக்காமல் சுழல இடமிருக்கிறதா என்று கடையிலேயே சுற்றிப் பாருங்கள். பழைய கருவியை வாங்குவதானால் பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தை முதலில் பாருங்கள். அது கிழிந்திருந்தால் ஐப்பசி மழையிலேயே தண்ணீர் உள்ளே போய்விடும். பிறகு பூச்சிய அளவை ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுக்கச் சொல்லுங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். ஒவ்வொரு முறையும் எண் தாவினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.